வத்சலாவின் கால்விரல்கள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்ததால் நேரம் நினைவில் இருக்கிறது. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் தங்கை கமலத்தின் வீடு. வெள்ளிக்கிழமையாயிற்றே, மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடலாம் என்று நல்லெண்ணெயைச் சுட வைத்துவிட்டு உட்கார்ந்து, அவள் காலுறையைக் கழற்றினேன்.

கப்பலிலிருந்து இறங்கி முழுதாக ஒரு நாள் ஆகியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு நாள் சந்தோஷமாகவே போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சீனர் கடையில் கமலம் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். டப்பாப் பால் அடியில் ஒரு விரற்கடை தங்கியிருக்க, மேலே கறுப்பாக ஒரு திரவம். சுட்ட ரொட்டியில் பச்சை நிறத்தில் ஏதோ தடவியிருந்தார்கள். நாகப்பட்டினத்தில் அப்படி ஓர் இனிப்பை நான் தின்றதில்லை என்று இரண்டாவது துண்டையும் எடுத்தேன். "தேங்காய்ப் பாலும் முட்டையும் அக்கா" என்றாள் கமலம், நான் விழுங்கி முடித்த பிறகு. "சொல்லியிருந்தா நீ சாப்பிட்டிருக்க மாட்டியே."

என் கணவர் காலமான பிறகு, இங்கிலீஷ் படிக்கட்டும் என்று வத்சலாவைக் கமலத்திடம் அனுப்பி ஒன்றரை வருஷம் ஆகிறது. கமலத்துக்குப் பிள்ளையில்லை. அவள் கணவர் ரயிலில் கார்டு. மாதத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவார், அன்றும் வீட்டில் இல்லை. வத்சலாவுக்கு வயது பன்னிரண்டு முடிந்துவிட்டது. வளர்ந்திருந்தாள், மெலிந்திருந்தாள். தலையில் நீர் தளும்பும் குடம் வைத்தவள்போல் கழுத்தை நிமிர்த்தி நடந்தாள். வீட்டுக்குள்ளும் காலுறை போட்டிருந்தாள். இந்தப் புழுக்கத்தில் எதற்கு என்று கேட்டேன். "கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துல அப்படித்தான்" என்றாள் தங்கை. நானும் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியைதான். ஒரு பள்ளியின் ஒழுங்கை நான் குறை சொல்வதில்லை.

காலுறை எளிதில் வரவில்லை. விரல்களோடு ஒட்டியிருந்தது. வெந்நீரில் நனைத்து உரித்தேன்.

பெருவிரல் நகம் கறுத்து, பாதி தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டாம் விரலில் நகமே இல்லை. விரல் முனைகள் தடித்து மஞ்சளாகி, நடுவில் புண். கணுக்களின் மேல் தோல் போய்ச் சிவப்பாக இருந்தது. வலது காலும் அப்படியே.

"எப்போதிலிருந்தடி?"

வத்சலா காலை இழுத்துக்கொள்ளவில்லை. கூரையைப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். கமலம் ஓடிப்போய் அழைத்து வந்தாள். அவர் சட்டைக் காலரிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்தபடியே விரல் முனையில் குத்தினார். பிறகு இன்னும் ஆழமாக. ஊசி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. வத்சலாவின் முகம் மாறவில்லை. உதட்டில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது.

டிரஸ்ஸர் எங்கள் இருவரையும் குழாயடிக்கு அழைத்துப் போனார். குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்று.

"அம்மா, நான் ஒண்ணும் பாக்கல. நீங்களும் காட்டல. உணர்ச்சி இல்லாத புண்ணு. அது என்னன்னு உங்களுக்கே தெரியும். குவார்ட்டர்ஸ்ல இந்தப் பேச்சு வந்துச்சுன்னா இந்தக் குழாயில யாரும் உங்களை விட மாட்டாங்க. கிள்ளான்ல ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருக்காரு, தங்கமான மனுசன். இன்னிக்கே போயிடுங்க."

"அவர் என்ன செய்வார்?" என்றேன்.

"அதுதான்னு தெரிஞ்சா எழுதிப் போடுவாரு. அது சட்டம். அப்புறம் சுங்கை பூலோ."

சுங்கை பூலோ என்ற பெயரை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெருவியாதிக்காரர்களைத் தனியே குடிவைத்திருக்கும் இடம், குழந்தையானாலும் அனுப்பியாக வேண்டும், தாய் கூடத் தங்க முடியாது என்று அவர்தான் சொன்னார். எண்ணெய் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது.

பகல் ரயிலில் கிள்ளானுக்குப் புறப்பட்டோம். நம் ஊர் ரயிலைவிடச் சுத்தமான வண்டி, இருபுறமும் ரப்பர் மரங்கள் பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசையாக நின்றன. இதையெல்லாம் கவனித்தேன் என்பது இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. பத்து தீகா என்ற ஸ்டேஷனில் ஒரு தோட்டத்துப் பெண் கைக்குழந்தையோடும் ஒரு கூடை ரம்புத்தானோடும் ஏறி எதிரே உட்கார்ந்தாள்.

"எந்த ஊரு அக்கா நீங்க? பேச்சைப் பாத்தா ஊர்லேருந்து புதுசா வந்தாப்ல இருக்கு."

நாகப்பட்டினம் என்றேன். பழத்தை உரித்து நீட்டினாள். பேச்சுவாக்கில், "பாப்பா, செத்த இவனைப் புடி" என்று குழந்தையை வத்சலாவின் மடியில் வைத்துவிட்டுக் கூடையைச் சரி செய்யக் குனிந்தாள். நான் பாய்ந்து குழந்தையைத் தூக்கிவிட்டேன். அது வீறிட்டது. வண்டியில் எல்லோரும் திரும்பினார்கள்.

அந்தப் பெண் எழுந்து தன் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"கடல் தாண்டி வந்தும் அதை விடலியா நீங்க? எங்க புள்ள உங்க புள்ள மடியில உக்காந்தா தீட்டாயிடுமா?"

அதற்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு எதற்காக என்று சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். பேரும் தெரியாத அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை.

கிள்ளான் டாக்டர் தடித்த கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் மனிதர். அவரும் ஊசியால் குத்திப் பார்த்தார். பிறகு பஞ்சில் டிங்சர் அயோடினைத் தோய்த்துத் திறந்த புண்ணின்மேல் அழுத்தினார். பெரியவர்களே துள்ளிக் குதிக்கும் மருந்து அது. என் மகள் முகவாயைக் கொஞ்சம் உயர்த்தினாள், அவ்வளவுதான்.

"எரியேல்லையோ பிள்ளை?"

"இல்லை டாக்டர்."

அவர் என்னைத் தனியே அழைத்தார். "அம்மா, நான் இண்டைக்கே எழுதியிருக்க வேணும். ஒரு நாள் பொறுக்கிறன். நாளைப் பின்னேரம் இன்னொருக்கால் பாப்பன். அப்பவும் உணர்ச்சி இல்லையெண்டால் ஆறு மணித் தபாலுக்குக் கடிதம் போகும். பிள்ளைக்கு ஒண்டும் சொல்லிப் பயப்படுத்தாதேயுங்கோ." வெளியூர் நோயாளிகளுக்கென்று வைத்தியசாலையின் பின்னால் ஓர் அறை வைத்திருந்தார். எங்களுக்கு அதைத் திறந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை வத்சலா எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இன்னிக்குப் பியானோ கிளாஸுக்குத் திரும்பிடுவோமா?"

கமலம் விளக்கினாள். கோலாலம்பூரில் பத்து ரோடு என்ற தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் ருஷ்ய நாட்டுத் தம்பதிகள் இருக்கிறார்கள், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறார்கள், கூடப் படிக்கும் ஒரு பெண்தான் வத்சலாவையும் சேர்த்துவிட்டாள். கமலம் ரிக்ஷாவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காய்கறி வாங்கப் பாசார் போய்வந்து அழைத்துக்கொள்வாளாம்.

என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அம்மை கண்டபோது, மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னவள் நான். இப்போது என் மகள் தொட்ட பியானோவை வேறு குழந்தைகள் தொட்டுக்கொண்டிருப்பார்கள். கமலம் தடுத்தாள். "சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும் அக்கா. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோயேன்." பொறுக்க முடியவில்லை. இருவரையும் அறையில் விட்டுவிட்டு நான் மட்டும் கோலாலம்பூருக்கு ரயில் ஏறினேன்.

நான் இறங்கும்போது மழை. நம் ஊர் மழை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வரும். இங்கே வாளியைக் கவிழ்த்ததுபோல் கொட்டிவிட்டு அரை மணியில் வெயிலடிக்கிறது. நனைந்த புடவையோடு துணிக்கடையின் பக்கப் படிகளில் ஏறினேன். பியானோ சத்தம் கேட்டது. தங்கையைக் குறை சொல்ல முடியாது.

மாடியில் நீண்ட ஓர் அறை, மரத்தளம். பியானோ மூலையில் இருந்தது, அதை வாசித்தவர் ஒரு மணிலாக்காரர். பிள்ளைகள் ஒருவரும் அதன் பக்கத்தில் இல்லை. சுவரோரம் இடுப்பு உயரத்தில் ஒரு மரக்கம்பி ஓடியது. வெள்ளைக்காரச் சிறுமிகள், யுரேஷியப் பெண்கள், இரண்டு சீனப் பெண்கள் எல்லோரும் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குதிகாலைச் சேர்த்துப் பாதங்களை இருபுறமும் திருப்பி, முழங்காலை மடித்து எழுந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய மெலிந்த ஒரு பெண்மணி சிறு பிரம்பால் தரையைத் தட்டிக்கொண்டே அவர்களிடையே நடந்தாள். மதாம் என்று எல்லோரும் அழைத்தது அவளைத்தான். முழங்கால், முதுகு, கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருத்தினாள். மூத்த பெண்கள் ஆறு பேர் நடுவுக்கு வந்து, ரோஜா நிறப் பட்டுச் சப்பாத்துகளில், கால்விரல் நுனியில் எழுந்து நின்றார்கள். பாதம் நின்றது என்று சொல்லக்கூடாது, நகம் நின்றது. அப்படி நின்றபடி சிரித்தார்கள்.

நான் பார்ப்பது இன்னதென்று புரியவே நேரம் பிடித்தது. அதற்குள் பாட்டு நின்றது. அந்த ஆறு பேரும் தரையில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்துச் சப்பாத்துகளைக் கழற்றினார்கள்.

கறுத்த நகங்கள். விரல்களில் சுற்றியிருந்த பஞ்சில் ரத்தம். மஞ்சளாகத் தடித்த முனைகள். ஒருத்திக்கு இரண்டாம் விரலில் நகம் இல்லை.

வத்சலா எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். என் மனத்தில் ஓடியது இது ஒன்றுதான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னேன்: "வகுப்பை மூடுங்கள். இந்தப் பிள்ளைகளைத் தனித்தனியாக வீட்டுக்கு அனுப்புங்கள். என் மகளால் வந்தது இது."

மதாமுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, என் மகள் யார் என்று கேட்டாள். சொன்னேன். வியாதியின் பெயரையும் அவள் காதருகே சொன்னேன். என் வாயால் அதைச் சொன்னது அப்போதுதான்.

அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தன் சப்பாத்தைக் கழற்றினாள். என் வாழ்நாளில் அப்படி ஒரு பாதத்தை நான் பார்த்ததில்லை. எலும்புகள் வெளியே துருத்தி, விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காய்ந்த இஞ்சிக் கிழங்குபோல் இருந்தது.

"இருபத்தெட்டு வருஷம்" என்றாள். "நானும் என் கணவரும் எங்கள் ஊரில் பெரிய அரங்கத்தில் பாலே நடனம் ஆடினோம். இது வியாதி இல்லை. தொழில்."

என் மகள் நாட்டியம் ஆடுகிறாள். எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லைப் பெண் குழந்தைகள் முன் உச்சரிக்க மாட்டார்கள். யார் ஆடுவார்கள், யார் முன் ஆடுவார்கள் என்பதில் எங்கள் ஊருக்கு ஒரே எண்ணம்தான். இரண்டு நாள் முன்பு இதைக் கேட்டிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். அந்த நாற்காலியிலோ எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன.

ஆனால் உடனே அடுத்தது நினைவுக்கு வந்தது. "ஊசியால் குத்தினார்கள். அவளுக்குத் தெரியவில்லையே."

"தெரியும். மறைக்கிறாள். நான் கற்றுக்கொடுத்தது அது. வலி காலுக்குச் சொந்தம், முகத்துக்கு அல்ல. முகத்தில் காட்டுகிறவள் நடுவுக்கு வர முடியாது."

"நானும் ஆசிரியை. என் வகுப்பில் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை வெளியே போய்ப் படுக்கச் சொல்வேன்."

"என் வகுப்பிலும் அப்படித்தான். உங்கள் மகள் சொன்னதில்லை." திடீரென்று அவள் புருவம் சுருங்கியது. "ஆனால் அவளுக்கு நான் நுனிச் சப்பாத்து கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் என்று சொன்னேன். அவளுடையவை மெல்லிய தோல் சப்பாத்துகள். அதில் நகம் போகாது."

எழுந்து போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பழைய சப்பாத்துகளைக் கிளறினாள். ஒரு ஜோடி குறைந்தது. கேட்காமல் எடுத்துப் போய், கமலம் தூங்கும் மத்தியானங்களில், தானாகவே நின்று பழகியிருக்கிறாள் என் மகள்.

என்னோடு வரும்படி கெஞ்சினேன். பெரியவர்களின் வகுப்பு தொடங்கப்போகிறது, அதை முடித்து நாலரை மணி ரயிலில் வருகிறேன் என்றாள். நான் இறங்கும்போது அவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்: தோட்ட மானேஜரின் மனைவி, ஒரு தட்டெழுத்துக்காரப் பெண், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிய ஒரு சீனப் பல் டாக்டர். மதாமின் கணவர் அவர்களைக் கம்பியோரம் நிறுத்தினார். "குனியாதீர்கள் டாக்டர், இங்கே யாருக்கும் பல்வலி இல்லை" என்று அவர் சொன்னதும் டாக்டரே முதலில் சிரித்ததும் படிவரை கேட்டது. வயது வந்தவர்கள் தாங்களாக விரும்பி வந்து திட்டு வாங்குகிறார்கள். இதற்கும் எனக்கு அதிர்ச்சியடைய நேரமில்லை.

ரிக்ஷாச் சக்கரம் மழைத் தண்ணீர் ஓடிய சாக்கடையில் சிக்கியதில் ரயில் போய்விட்டது. ஏழு பேர் ஏறும் சின்ன பஸ் ஒன்றில் பத்தாவது ஆளாக ஏறினேன். காலடியில் டுரியான் பழங்கள். பெட்டாலிங் தாண்டியதும் டயர் வெடித்தது. மலாய்க்கார டிரைவர் அவசரமே இல்லாமல் கீழே இறங்கி, ஒரு டுரியானைப் பிளந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். "தாப்பா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தமாம். அந்த நாற்றத்தின் நடுவே நின்று மற்றவர்களின் கைக்கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியசாலையை அடைந்தபோது ஐந்து மணி இருபத்தைந்து. டாக்டர் வத்சலாவைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கமலம் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாடியிலேருந்து பியானோ சத்தம் கேக்குமே அக்கா. நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?"

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "புண் சப்பாத்தால வந்தது எண்டதை நம்புறன். ஆனால் சப்பாத்து உணர்ச்சியை எடுக்காது அம்மா. உணர்ச்சி இருக்கோ எண்டதுதான் எனக்குத் தெரிய வேணும்." பஞ்சைத் தோய்த்து நகமில்லாத விரலில் அழுத்தினார்.

வத்சலா கழுத்தை நிமிர்த்தி எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"வலிக்குதுன்னு சொல்லுடி" என்றேன். "எனக்கு எல்லாம் தெரியும். நான் திட்ட மாட்டேன்."

"வலிக்கலம்மா."

டாக்டர் சொல்லக்கூடாது என்றதைச் சொல்லிவிட்டேன். வியாதியின் பெயர், சுங்கை பூலோ, நான் கூட வர முடியாது என்பது, எல்லாம். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் கல்லாகவே இருந்தது.

"நான் ஆடக்கூடாதுன்னு பயமுறுத்துறீங்க. வலிக்குதுன்னு சொன்னா அதையே சாக்கா வச்சு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்க."

அழைத்துப் போக மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கலாம். செய்தாலும் நம்பியிருக்க மாட்டாள். டாக்டர் மேஜைக்குப் போய்க் காகிதத்தை எடுத்து வைத்தார். பேனா மூடியைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தேதியை எழுதினார்.

ஐந்து மணி நாற்பத்தெட்டுக்கு வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. மதாம் வகுப்பில் போட்டிருந்த அதே உடையின்மேல் கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. நேராகப் பெஞ்சின் முன் மண்டியிட்டு வத்சலாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மலாயும் இங்கிலீஷும் கலந்து அவள் பேசியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

"பெட்டியிலிருந்து நீ எடுத்த ஜோடி உனக்கு இரண்டு அளவு சிறியது. அதனால் நகம் போயிற்று. கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்."

வத்சலாவின் முகவாய் இன்னும் உயர்ந்தது. மதாம் தன் உள்ளங்கையை அவள் உச்சியில் வைத்து, மெதுவாக, அந்தத் தலையைக் கீழே இறக்கினாள்.

"இன்று வகுப்பு இல்லை. இன்று முகம் எனக்கு வேண்டாம், உன் அம்மாவுக்குக் கொடு. எரிந்தால் கத்து."

டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் பஞ்சைக் கொண்டுவந்து வைத்தார்.

மதாமின் மடியிலிருந்த கால் உதறியதில் அயோடின் புட்டி தரையில் விழுந்து உடைந்தது. என் மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதும்மா. ஒரு மாசமா வலிக்குதும்மா."